ராம் குறையக்கூடாது

“ரெண்டு தடவங்க. ராம், ராம்னு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

கூடாரத்துக்கு அடியில் நின்றுகொண்டு ரெங்கசாமி மாமா அடுத்த கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே, கூடத்தில், அப்பாவின் தலைமாட்டில் ஊதுவத்திச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்த சந்திரகலாவுக்குக் கை நின்றுவிட்டது.

நேற்று அப்பா பக்கிரிசாமி கண்ணை மூடியதும் மாமா முதலில் சொன்னபோது வெறும் ராம்தான் இருந்தது. சாயங்காலம் துறைமுகத்து லோரிக்காரர்கள் வந்தபோது அந்தக் கதையில் அப்பாவின் கைகள் கூப்பிக்கொண்டன. இன்றைக்கு முகத்தில் ஓர் ஒளியும் வந்துவிட்டது. இன்னும் ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்கினால் கருடனைக் கொண்டுவந்து கூரைமேல் உட்காரவைத்துவிடுவார் மனுஷன்.

“அப்புறம் ‘குறையில்ல’ன்னாரு. ராம், ராம், குறையில்ல. அதோட தல சாஞ்சிருச்சு. காலம் பூரா கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு, சாமியாவது பூதமாவதுன்னு பேசின ஆளு! கடைசியில அவன் காலடிக்குத்தானே வந்தாகணும்?”

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். “கொடுத்து வெச்ச சாவு,” என்றது ஒரு குரல்.

குறையில்ல இல்லை. கொறைக்காத. அந்த ராமும் இல்லை. அப்பா சொன்னது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற ராம். சீப்பு அளவில் ஒரு பச்சைத் துண்டு. நேற்றுக் காலை அவள் கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது, கேட்டைத் திறக்கும்வரை கட்டிலிலிருந்து அதையேதான் கத்திக்கொண்டிருந்தார். “கலா, எத வேணும்னாலும் கொறை. ராமக் கொறைக்காத!” இந்த விஷயம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் போயிருப்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாமா அவள் கையிலிருந்து கொள்ளியைப் பிடுங்கிவிட்டார்.

போன வருஷம் சக்கரை வியாதியில் அப்பாவின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவர் தெளிவாகச் சொன்னார். “நான் போனா பண்டாரம் வேணாம், மந்திரம் வேணாம். எனக்கு ஒரே புள்ள. கலா கொள்ளி வெக்கட்டும்.” அம்மாவின் அண்ணனான இதே மாமாவும்தான் அப்போது பக்கத்தில் நின்று மண்டையை மண்டையை ஆட்டினார். செலாயாங் பாசாரில் மொத்தக் காய்கறி வியாபாரம், கோயில் கமிட்டியில் பொருளாளர். நோயாளியிடம் எதற்கு வாதம் என்று ஆட்டியிருப்பார்.

இன்றைக்குப் பேச்சு வேறு. “அது அப்ப. ராம்னு சொன்ன வாய்க்கு முறையோட செஞ்சாத்தான் ஆத்மா அடங்கும். பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வந்து நெருப்பு வெச்சா ஊரு சிரிக்காதா?” பண்டாரத்துக்கு ஆள் போயாகிவிட்டது. கொள்ளி வைக்கத் தன் மகன் மோகனையே நிறுத்திவிட்டார். பின்வாசலில் முடி இறக்குகிறவரும் வந்து உட்கார்ந்தாயிற்று. மோகன் தலையில் கத்தி பட்டுவிட்டால் முடிந்தது கதை. மொட்டை போட்டவன் கையிலிருந்து யார் நெருப்பை வாங்கி இவளிடம் கொடுப்பார்கள்?

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சாம்பலைக் கொட்டுகிற சாக்கில் பின்வாசலுக்குப் போனாள். மோகன் கழுத்தைச் சுற்றித் துண்டோடு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். புக்கிட் பிந்தாங்கில் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்குகிற வேலை அவனுக்கு.

“கலா, எப்படியாவது நிறுத்து லா,” என்றான் ரகசியமாக. “எனக்கு அடுத்த வாரம் ஃப்ரண்ட் டெஸ்க்குக்கு இன்டர்வியூ. மொட்டத் தலையோட போய் நின்னா எவன் எடுப்பான்?”

“நீயே உங்கப்பாகிட்ட சொல்லேன்.”

“நானா? என்னையும் சேத்துத் தூக்க வேண்டியதுதான்.”

முடி இறக்குகிறவர் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையில் பாதி இருந்தது. அந்தப் பாதிதான் தனக்கு மிச்சமிருக்கிற நேரம் என்று கலாவுக்குத் தோன்றியது.

கம்ப்யூட்டர் யோசனை வந்ததே அப்பாவின் போன காலால்தான். கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றி, தெலுக் பங்லிமா காராங்கில் இறக்கி, மழை வெயில் பாராமல் லோரி ஓட்டியவர். கால் போனபிறகு பண்டமாரான் வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு கூரைக் காத்தாடியைப் பார்த்தபடி கிடந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், திரும்பிப் படுக்கச் சொன்னால் படுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபேக்டரியில் கூட வேலை செய்யும் சீதாலெட்சுமியின் சுங்கை வே வீட்டுக்கு அவரையும் அம்மாவையும் கலா டாக்சியில் கூட்டிப்போனாள். சீதா கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற கேமைப் போட்டு, கீபோர்டை அவர் மடியில் வைத்தாள்.

முதல் வளைவிலேயே மரத்தில் மோதினார். அப்புறம் நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு உடம்பையே சாய்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வள்ளியம்மா, “மெதுவா, அய்யோ மெதுவா” என்று வெறுந்தரையில் காலை ஊன்றி பிரேக் மிதித்தாள். கல்யாணமான புதிதில் லோரியில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம்.

“உன் பக்கம் பிரேக் இல்ல வள்ளி,” என்றார் அப்பா. அவர் லோரிக் காலத்து வசனம் அது. சொல்லிவிட்டுச் சிரித்தார். கால் போனபிறகு கலா அப்போதுதான் அவர் பல்லைப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும், “அது என்ன வெல வரும்?” என்று கேட்டார்.

அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்த வருஷம் அது. இன்றைக்குக் கேட்ட விலை அடுத்த வாரம் கிடையாது. ஃபேக்டரியில் போனஸைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். அந்தப் பாதிக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று இடித்தது. கலா ஃபேக்டரியிலிருந்து வந்து கைகால் கழுவுவதற்குள், “கார்டு வெல கேட்டியா?” என்பார், திரையில் படம் ஓட்டுகிற கார்டு அது. அவள் சொல்கிற எல்லாவற்றையும் லோரி பாஷைக்கு மாற்றிக்கொண்டார்.

“ப்ரோசசர்னா என்ஜின், சரியா? ராம்ங்கிறது பின்தட்டு. தட்டு சின்னதா இருந்தா என்ஜின் பெருசா இருந்து என்னத்துக்கு ஆவும்? ஒரு நடையில போற சாமான மூணு நட அடிக்கணும். முப்பத்திரெண்டு பத்தாது. அறுபத்துநாலு மெகாபைட் போடு.”

“ஸ்டியரிங்கும் வேணும், அறுபத்துநாலும் வேணும்னா பணத்துக்கு எங்க போறது?”

“ஸ்டியரிங் இல்லாம எவன் ஓட்டுவான்? பெடலும் இருக்கணும். எடது கால் சும்மாத்தானே இருக்கு.”

“அப்பனுக்கும் மகளுக்கும் வேற பொழப்பே இல்ல,” என்று அம்மா சமையலறையிலிருந்து சட்டியை உருட்டுவாள்.

ஃபேக்டரி கழித்துக்கட்டிய மேசை ஒன்றைக்கூட கலா சும்மா கேட்டு வாங்கி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். அப்பா அதை ஒரு பேப்பர்கூட வைக்க விடாமல் காலியாக வைத்திருந்தார்.

நேற்று கோலாலம்பூர் இம்பி பிளாசா கம்ப்யூட்டர் கடையில் கார்டு விலை மறுபடியும் ஏறியிருந்தது. கலா எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் இடித்தது. ஸ்டியரிங்கை விட மனசு வரவில்லை. அந்த இடது காலை நினைத்துக்கொண்டாள். சீனக் கடைக்காரர், “தேர்ட்டி டூ கேன் லா தங்கச்சி, ப்ளே கேம் ஒன்லி,” என்றார். சரி, அப்பாவிடம் அப்புறம் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டி முன்பணம் கட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் திரும்பினால், கேட்டுக்கு வெளியே ஒரே செருப்புக் குவியல்.

எதைக் குறைக்காதே என்று சொன்னாரோ அதையே குறைத்துவிட்டு வந்திருக்கிறாள், பாவி. அதை நினைக்கிறபோதெல்லாம் எங்காவது எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

அவர் போன நேரத்தில் கூடத்தில் இருந்தது இரண்டே பேர். காய்கறிப் பை கொண்டுவந்த மாமாவும் அம்மாவும். கலா மறுபடியும் உள்ளே போய் அம்மா பக்கத்தில் முட்டிபோட்டாள்.

“அம்மா. அப்பா நெசமா என்னதான் சொன்னாரு?”

அம்மா அவளைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். அங்கே மாமா பூசிவிட்டிருந்த விபூதி பட்டையாக இருந்தது. அவர் தூங்கும்போது எத்தனையோ தடவை அம்மா திருட்டுத்தனமாகப் பூசிப் பார்த்திருக்கிறாள். எழுந்ததும் கைலியால் துடைத்துவிட்டு, “சுண்ணாம்பு அடிக்க நான் என்ன செவுரா?” என்பார். இப்போது அது துடைப்பார் இல்லாமல் இருந்தது.

“வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தியா?” என்றாள் அம்மா.

கலாவுக்குப் புரிந்துவிட்டது. சாமி இல்லை என்று சொன்ன புருஷன் எந்த நரகத்துக்குப் போவானோ என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டு அழுதவளுக்கு, ஒரு ராம் கிடைத்திருக்கிறது. அதை எப்படிப் பிடுங்குவது? பிடுங்காமல் விட்டால் அப்பா சொன்னது என்ன ஆவது?

வாசலில் சங்கு ஊதியது. பண்டாரம் வந்துவிட்டார். பின்வாசலில் யாரோ, “தண்ணி தெளிக்கலாமா?” என்று கேட்ட குரலும், சளப்பென்று மோகன் தலையில் தண்ணீர் விழுந்த சத்தமும் கேட்டன.

கலா எழுந்தது அவளுக்கே தெரியாது. கூடாரத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

“மாமா, நிறுத்துங்க. அப்பா சொன்னது சாமி பேரு இல்ல.”

மாமா திரும்பினார். “என்னம்மா?”

“அது கம்ப்யூட்டர்ல போடுற ராம். மெமரி. நான் கடைக்குப் போயிருந்தேன்ல, அதக் கொறைக்காதன்னு எனக்குச் சொன்னாரு.”

பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பு வந்து இருமலாக மாறியது. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்கா, “அடி பாவி, எந்த நேரத்துல எதப் பேசுற?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

“செத்துக் கெடக்குற மனுஷன கிண்டலா பண்ற? உசுரு போற நேரத்துல எவனாவது கம்ப்யூட்டரப் பத்திப் பேசுவானா?”

“எங்கப்பா பேசுவாரு.”

“நீ கேட்டியா? நீ பக்கத்துலயா இருந்த? நேத்து எங்க இருந்த நீ?”

அந்த அடி நேராகப் பட்டது. மாமா வாசல்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“வள்ளி! நீயே வந்து சொல்லு. தலையத் தாங்கிக்கிட்டு இருந்தவ நீதானே?”

அம்மா வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாளில் பாதியாக இளைத்துவிட்டவள்போல இருந்தாள். அவளைப் பார்த்ததும் கலாவின் ஆத்திரமெல்லாம் வடிந்தது. கொள்ளி வேண்டும், அப்பாவுக்காக வேண்டும். ஆனால் இந்த அம்மாவிடமிருந்து பிடுங்கி வேண்டாம்.

“அம்மாவ விடுங்க மாமா,” என்றாள். “நீங்க சொன்னதே இருக்கட்டும். உங்க இஷ்டப்படி செய்ங்க.”

மாமா பண்டாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் அம்மா பேசினாள்.

“அது சாமியா இருந்துடக்கூடாதான்னுதாண்ணே நானும் நேத்திலேருந்து வாயத் தொறக்கல.”

தெருமுனையில் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிளின் மணிச்சத்தம் மட்டும் வந்து போனது.

“உங்களுக்குக் கேட்டதுதான் எனக்கும் கேட்டுச்சு. ராம், ராம், கொறைக்காதன்னாரு. அப்புறம் ‘அறுபத்துநாலு’ன்னாரு. அத மட்டும் ஏன் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்குறீங்க?”

மாமா தடுமாறினார். “அது... வயசச் சொல்றாருன்னு நெனச்சேன்.”

“அவருக்கு அறுபத்தொண்ணுதானேண்ணே.”

யாரும் சிரிக்கவில்லை. அம்மா நிலையை விட்டுவிட்டு ஒரு படி இறங்கினாள்.

“தெனம் இந்தக் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு, அறுபத்துநாலு அறுபத்துநாலுன்னு. எனக்குத் தெரியாதா? அப்படியே சாமியத்தான் கூப்பிட்டாருன்னு வெச்சாலும், ராமன எதுக்குக் கூப்பிடுறாரு? இந்த வீட்டுல இத்தன வருஷமா நான் முருகா முருகான்னு தொண்ட கிழிஞ்சிருக்கேன். கூப்பிட்டா அவனையில்ல கூப்பிட்டிருப்பாரு? எனக்காகவாவது?”

அந்தக் கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. தனலெட்சுமி அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அம்மா அவளை மெதுவாக விலக்கினாள்.

“கலா வெக்கட்டும். அது அவரு நல்ல நெனவோட சொன்னது. பண்டாரத்துக்குச் சாப்பாடு குடுத்து அனுப்புங்கண்ணே, பாவம், வெயில்ல வந்திருக்காரு.”

உள்ளே போய்க் குனிந்து, முந்தானையால் அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். மேலே மயிரோரத்தில் ஒரு கோடு மட்டும் நின்றது. அதை விட்டுவிட்டாள்.

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட மோகன் வாசலுக்கு ஓடிவந்து, “என்னாச்சு? நான் எழுந்திரிக்கலாமா?” என்றான்.

சிம்பாங் லீமா மயானத்துக்குப் பெண்களில் கலா ஒருத்திதான் போனாள். கையில் தீயைக் கொடுத்தபோது இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். மோகன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மாமா தூரத்தில் ஒரு மரத்தடியில் யாரோடும் பேசாமல் நின்றார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் வேன் கிளம்பும்போது ஓடிவந்து ஏறியவர் அவர். “முன்னாடி வாங்க மாமா,” என்று கலா கூப்பிட்டதும் வந்து ஒரு கட்டையை எடுத்து வைத்தார்.

திரும்பும்போது வேனில் அவள் பக்கத்து இருக்கை அவருக்கு. வெகுதூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மேம்பாலம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

“அந்த ராமு... அது எதுக்கும்மா?”

“நெறைய இருந்தா வண்டி தடங்கல் இல்லாம ஓடும் மாமா.”

மாமா தலையை ஆட்டினார். “அப்ப அதக் கொறைக்கக்கூடாதுதான்,” என்றார்.

சாயங்காலம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் குறைந்தார்கள். கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்ததும் கூடம் பெரிதாகிவிட்டது. கலா குளித்துவிட்டு வந்தும் கால் நிற்கவில்லை. நாற்காலிகளை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். மாமா பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்த அப்பாவின் படத்தை அந்தக் காலி மேசைமேல் சாய்த்து, பக்கத்தில் விளக்கை வைத்தாள்.

தலைமுடியை உதறிக்கொண்டு வந்த அம்மா பார்த்தாள்.

“படத்த அங்க வெக்காத. செவுத்துல ஆணி அடிச்சு மாட்டு.”

“ஏம்மா?”

“மேச வேணும்ல.”

கலா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டு நாளாக வராத அழுகை அப்போது வந்தது, அடக்கவே முடியவில்லை.

“நான் முப்பத்திரெண்டுக்குச் சரின்னுட்டேம்மா. ஸ்டியரிங்குக்குப் பணம் பத்தல. அவரு அங்க அதையே சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு, நான் இங்க...”

அம்மா கிட்ட வந்து படத்தை வாங்கிச் சுவரோரம் இறக்கி வைத்தாள். விளக்கை எடுத்துக்கொண்டு போய் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

“கடக்காரன் இருப்பானா இப்ப?”

“இருப்பாரு.”

“போன் போட்டு மாத்திச் சொல்லு. மிச்சத்த நான் தரேன்.”

“யாரும்மா ஓட்டப் போறா?”

அம்மா போன் இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள். கலா மூக்கைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் போனாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்து, “வெயிட் ஆ,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் கடையில் ஏதோ கேம் ஓடுகிற சத்தம், டயர் தேய்கிற சத்தம்.

காத்திருந்தபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. கண் சுவரில் இருந்தது. மேசைக்கு அடியில், வெறுந்தரையில், அவளுடைய வலது கால் மெதுவாக அழுந்திக்கொண்டிருந்தது.